பள்ளத்தாக்குக்கு ஒரு நத்தை

மழை விட்ட மறுநாள் காலையில் தோட்டத்தைச் சுற்றி வந்தால், முருங்கை மரத்தடியிலோ பப்பாளித் தண்டிலோ உள்ளங்கை அளவுள்ள பெரிய நத்தை ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது நம் நாட்டு நத்தையன்று; ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறியது. அந்த நத்தையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும். இப்போது நாம் பார்க்கப்போவது வேறு நத்தைகளையும், அவற்றை ஆராய்வதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு மனிதரையும் பற்றித்தான்.

இயற்பியல் கற்பிக்கும் என்னைப் போன்ற ஓர் ஆசிரியர் நத்தையைப் பற்றி எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்திற்கு வரும் புதிய மாணவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லும் பாடம் இதுதான்: நிலைமைகள் ஒன்றாக இருந்தால் முடிவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒரே நீளமுள்ள இரண்டு தனி ஊசல்களை ஆடவிட்டால் இரண்டின் அலைவு நேரமும் ஒன்றாகவே இருக்கும். வேறுபட்டால் அளந்தவர் எங்கோ தவறிவிட்டார் என்று பொருள்.

ஆனால் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஒருவர் நத்தைகளைப் பார்த்து, "நிலைமைகள் ஒன்றாகவே இருக்கின்றன, ஆயினும் முடிவுகள் வேறுபடுகின்றனவே!" என்று வியந்தார். அவர் அளந்ததில் தவறும் இல்லை. அவர்தான் ஜான் தாமஸ் குலிக்.

தீவில் பிறந்த பிள்ளை

பசிபிக் பெருங்கடலின் நடுவே, அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஹவாய்த் தீவுக்கூட்டம். கடலடி எரிமலைகள் பொங்கி எழுந்து உருவான தீவுகள் இவை. எந்தக் கண்டத்தோடும் இவை எக்காலத்திலும் ஒட்டியிருந்ததில்லை. காற்றிலும் நீரிலும் பறவைகளோடும் தற்செயலாக வந்து சேர்ந்த ஒரு சில உயிர்களின் வழித்தோன்றல்களே அங்கு இயற்கையாகப் பெருகிய செடிகொடிகளும் விலங்குகளும்.

அந்தத் தீவுகளுள் ஒன்றான காவாயில், 1832-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் குலிக் பிறந்தார். ஹவாய் அப்போது தனி அரசாக இருந்தது. தந்தை அமெரிக்காவிலிருந்து வந்த கிறித்தவ சமய போதகர். குழந்தைப் பருவத்திலிருந்தே குலிக்குக்குக் கண்நோய், உடலும் வலுவில்லை. நீண்ட நேரம் படிக்க முடியாத பிள்ளை அவர். பதினாறு, பதினேழு வயதில் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் சென்றார். அது 1849-ஆம் ஆண்டு. கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று உலகமே அங்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். அவரும் தங்கம் தேடிப் போய்விட்டுத் தீவுக்குத் திரும்பினார்.

திரும்பியவருக்கு வேறொரு புதையல் காத்திருந்தது. ஓவாஹு என்ற தீவின் மலைக் காடுகளில் மரங்களில் வாழும் சிறிய நத்தைகளே அந்தப் புதையல்.

மரத்தில் வாழும் மணிகள்

இந்த நத்தைகளுக்கு அக்காட்டினெல்லா என்பது அறிவியல் பெயர். ஓடு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளம். மஞ்சள், பச்சை, பழுப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று பல நிறங்கள்; அவற்றின்மேல் பட்டை பட்டையாகக் கோடுகள். பட்டை தீட்டிய மணிபோல் பளபளக்கும். சங்குகளை நாம் வலம்புரி, இடம்புரி என்று பிரிக்கிறோம் அல்லவா? அதுபோல் இவற்றிலும் வலப்பக்கம் சுழல்வதும் உண்டு; இடப்பக்கம் சுழல்வதும் உண்டு. ஹவாய் மக்கள் இவை இரவில் பாடும் என்று நம்பினார்கள். ஓடுகளைக் கோத்து மாலையாக அணிந்தார்கள். 1780-களில் அங்கு சென்ற ஜார்ஜ் டிக்சன் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் அப்படிப்பட்ட மாலையொன்றைக் கொண்டு வந்தார். அதில் இருந்த, நுனி மஞ்சளான ஓட்டை வைத்துத்தான் ஹவாயின் நில நத்தை ஒன்று முதன்முதலில், 1789-இல், அறிவியல் உலகிற்கு அறிமுகமாயிற்று. இந்த 'மஞ்சள் நுனி' நத்தையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றின் வாழ்க்கை மிக மெதுவானது. இவை இலையைத் தின்பதில்லை. இலையின் மேல் மெல்லிய படலமாகப் படரும் பூஞ்சையையும் பாசியையும் சுரண்டித் தின்னும். நம் தோட்டத்து நத்தை நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இவையோ முட்டையிடாமல், ஒரு தடவைக்கு ஒன்றாகக் குட்டி போடும். ஓர் ஆண்டில் சில குட்டிகளே பிறக்கும். அந்தக் குட்டி வளர்ந்து இனம் பெருக்கும் நிலையை அடையச் சில ஆண்டுகள் ஆகும். பிறந்த மரத்தை விட்டு வெகுதூரம் போகாமலே பல நத்தைகளின் வாழ்நாள் முடிந்துவிடும்.

ஓவாஹு தீவின் கிழக்கே கோலாவ் என்ற மலைத்தொடர் நீளவாட்டில் ஓடுகிறது. அதன் இருபுறமும் மழைநீர் அரித்த பள்ளத்தாக்குகள் அடுத்தடுத்து இறங்குகின்றன. இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு இடையே கத்தி முனைபோன்ற ஒரு மேடு. மனிதனுக்கு அரைநாள் நடை. ஒரே மரத்தில் ஆயுளைக் கழிக்கும் நத்தைக்கோ அது கடக்கவொண்ணாத மதிற்சுவர்!

1850-களின் தொடக்கத்தில் இந்த ஓடுகளைச் சேர்ப்பது தீவின் இளைஞர்களிடையே ஒரு வெறியாகவே பரவியிருந்தது. நாம் தபால்தலை சேர்ப்பதுபோல் அவர்கள் ஓடு சேர்த்தார்கள். குலிக்கும் சேர்த்தார், ஊர் மக்களிடம் விலை கொடுத்தும் வாங்கினார், பல்லாயிரக்கணக்கில் குவித்தார். ஆனால் அவர் ஒன்றை விடாமல் குறித்து வைத்தார்: எந்த ஓடு எந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்தது?

இது ஒரு சிறிய செய்தியா? எண்ணிப் பாருங்கள். 1835-இல் காலாபகஸ் தீவுகளுக்குச் சென்ற டார்வின், அங்கு பிடித்த குருவிகளில் எது எந்தத் தீவைச் சேர்ந்தது என்று முதலில் சரியாகக் குறித்து வைக்கவில்லை. பின்னால் அதற்காக வருந்த நேர்ந்தது. உடன் வந்தவர்கள் வைத்திருந்த குறிப்புகளைத் தேட வேண்டியதாயிற்று. டார்வினே தவறவிட்ட அந்த வேலையை, படிப்பை முடிக்காத இளைஞர் ஒருவர் முறையாகச் செய்து வந்தார்.

வரைபடம் சொன்ன கதை

ஓடுகளைப் பள்ளத்தாக்கு வாரியாக அடுக்கியதும் ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஒரு பள்ளத்தாக்கில் ஒரு வகை. அடுத்ததில் அதை ஒத்த, ஆனால் சற்று வேறான வகை. அதற்கடுத்ததில் இன்னும் சற்று வேறு. அண்டைப் பள்ளத்தாக்குகளின் நத்தைகள் நெருங்கிய உறவினர்போல் இருந்தன. தொலைவு கூடக் கூட வேறுபாடும் கூடியது. ஏறத்தாழ 40 மைல் நீளமும் ஐந்தாறு மைல் அகலமும் உள்ள ஒரு மலைக்காட்டில் மட்டும் சுமார் 175 சிற்றினங்களும் அவற்றுள் 700, 800 வகைகளும் உள்ளன என்று குலிக் கணக்கிட்டார். (பின்வந்த வல்லுநர்கள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து, அக்காட்டினெல்லா பேரினத்தில் 41 சிற்றினங்கள் என்று வகுத்தார்கள்.) ஒரு சிற்றினம் பரவியிருக்கும் எல்லை சராசரியாக ஐந்தாறு மைல்தான், சில ஓரிரு சதுர மைலுக்குள்ளேயே அடங்கிவிட்டன.

'உயிரினங்களின் தோற்றம்' என்ற டார்வினின் நூல் வெளிவந்தது 1859-இல். அதே ஆண்டில்தான் குலிக் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து புதிய இனங்கள் தோன்றுகின்றன என்ற எண்ணம் அவருக்குப் புதிதாக இல்லை. நத்தைகள் முன்பே அதைச் சொல்லிவிட்டன!

பின்னர் அவர் இறையியல் பயின்று தந்தையைப் போலவே சமய போதகரானார். 1862-இல் ஜப்பானுக்குச் சென்றார். 1864-இல் திருமணம் செய்துகொண்டு சீனாவுக்குப் போனார். பெருஞ்சுவரை ஒட்டிய கல்கன் என்ற ஊரில் பத்தாண்டுக் காலம் பணி. 1875-இல் மனைவி இறந்தார். அதன்பின் ஜப்பானில் கோபே, ஒசாகா நகரங்களில் 1899 வரை வாழ்ந்தார். நூலகமும் ஆய்வுக்கூடமும் அருகில் இல்லாத வாழ்க்கை. ஆயினும் நத்தைப் பெட்டிகளும் அவை எழுப்பிய கேள்வியும் அவரை விடவில்லை.

டார்வினும் வாலஸும்

1872-இல் குலிக் விடுப்பில் இங்கிலாந்து சென்றார். அந்த ஆண்டு 'நேச்சர்' இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. லின்னேயன் கழகத்தின் இதழிலும் ஒரு கட்டுரை இடம்பெற்றது. டார்வின் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் பேசினார்.

குலிக் எழுப்பிய கேள்வி இதுதான். இயற்கைத் தேர்வு என்பது சூழ்நிலைக்கு ஏற்றது பிழைக்கும், ஏலாதது அழியும் என்று கூறுகிறது. அப்படியானால் சூழ்நிலை வேறுபட்டால்தான் இனம் வேறுபட வேண்டும். ஆனால் இந்தப் பள்ளத்தாக்குகளில் வெப்பம் ஒன்று, மழை ஒன்று, மரங்கள் ஒன்று, எதிரிகளும் ஒன்று. நத்தைகள் மட்டும் வேறு! சூழ்நிலைதான் காரணம் என்றால், மலையின் மழைப் பக்கத்து நத்தைக்கும் மழை குறைந்த பக்கத்து நத்தைக்கும் வேறுபாடு மிகுதியாக இருக்க வேண்டுமல்லவா? அப்படி இல்லை. ஒரே பக்கத்தில் அதே தொலைவில் உள்ள இரண்டு நத்தைகளுக்கு எவ்வளவு வேறுபாடோ அவ்வளவுதான்.

ஆகவே மாற்றத்திற்கு வேண்டியவை இரண்டு என்றார் குலிக். ஒன்று, தலைமுறைதோறும் இயல்பாகத் தோன்றும் வேறுபாடு. மற்றொன்று, பிரிவு. கலந்து இனம் பெருக்க முடியாதபடி இரு கூட்டங்கள் பிரிந்துவிட்டால் போதும். சூழ்நிலை ஒன்றாக இருந்தாலும் காலப்போக்கில் அவை வெவ்வேறு வழியில் விலகிச் செல்லும்.

இதை ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சாதாரண மனிதரல்லர்; டார்வினோடு இயற்கைத் தேர்வைத் தாமும் தனித்துக் கண்டறிந்தவர். "நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பள்ளத்தாக்கு நத்தைக்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, நாம் அறியாத நுண்ணிய வேறுபாடுகள் அங்கு இருக்கலாம்" என்பது அவர் வாதத்தின் சாரம். நல்ல வாதம்தான். ஆனால் அதில் ஓர் இடர்ப்பாடும் இருக்கிறது. கண்டறிய முடியாத ஒரு காரணம் எப்போதும் இருக்கத்தான் செய்யும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், எந்தச் சோதனையாலும் அதை மறுக்க முடியாதே!

ஜார்ஜ் ரோமனஸ் என்ற ஆங்கில உயிரியலார் குலிக்கின் பக்கம் நின்றார். 1888-இல் லின்னேயன் கழகம் குலிக்கின் நீண்ட ஆய்வுரையை வெளியிட்டது. 1905-இல், தம் 73-ஆம் வயதில், அவர் தம் கருத்துகளைத் தொகுத்து எழுதிய நூலை வாஷிங்டனிலுள்ள கார்னகி நிறுவனம் பதிப்பித்தது. ரோமனஸ் சமய நம்பிக்கையில் ஐயம் கொண்டிருந்தவர், குலிக்கோ போதகர். நத்தைகளைப் பற்றித் தொடங்கிய அவர்களது கடிதப் போக்குவரத்து, பரிணாமத்தை ஏற்கும் ஒருவர் எவ்வாறு சமயத்தையும் ஏற்க முடியும் என்ற கேள்விவரை சென்றது. இருவரும் ஒருவரையொருவர் மதித்துப் பேசினர் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

புளியங்கொட்டைச் சோதனை

பிரிந்தால் மட்டும் ஏன் மாறவேண்டும்? இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம்.

இருநூறு புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு வெள்ளைச் சாயம் பூசுங்கள். எல்லாவற்றையும் ஒரு பானையில் இட்டுக் கலக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கொட்டைகளை எடுங்கள். ஐந்து வெள்ளை, ஐந்து கறுப்பு என்றே வருமா? வரலாம், வராமலும் போகலாம். ஒரே நிறத்தில் ஏழோ அதற்கு மேலோ வருவது ஏறத்தாழ மூன்று முறைக்கு ஒரு முறை நிகழும். இதையே ஆயிரக்கணக்கான கொட்டைகள் உள்ள குதிரிலிருந்து ஆயிரம் எடுத்துச் செய்தால், எழுநூறு ஒரே நிறமாக வருவதை நீங்கள் ஆயுள் முழுவதும் முயன்றாலும் பார்க்க மாட்டீர்கள். சிறு கூட்டத்தில் தற்செயலின் கை ஓங்கும். பெருங்கூட்டத்தில் அது அமுங்கிவிடும்.

இனி, எடுத்த பத்தில் ஏழு வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். பானையில் இப்போது 140 வெள்ளையும் 60 கறுப்பும் இடுங்கள். அதாவது இது அடுத்த தலைமுறை. மீண்டும் பத்து எடுங்கள். அந்த விகிதத்தில் பானையை மாற்றுங்கள். சில தடவைகளில் பானை முழுவதும் ஒரே நிறமாகிவிடும். பக்கத்து வீட்டு நண்பரையும் இதைச் செய்யச் சொல்லுங்கள். அவர் பானை கறுப்பாகவும் உங்கள் பானை வெள்ளையாகவும் முடியலாம். இரண்டு பானைகளின் சூழ்நிலையும் ஒன்றுதான். எந்த நிறத்தையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை!

மலைமேட்டைத் தாண்டி ஒரு கிளையோடு உருண்டு விழுந்த நாலைந்து நத்தைகள்தாம் அடுத்த பள்ளத்தாக்கின் மூதாதையர் என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சிறு குழு, பெருங்கூட்டத்தின் சராசரியை அப்படியே சுமந்து செல்லாது. இரண்டு பகுதிகளின் சராசரி இயல்பு ஒருபோதும் முற்றிலும் ஒன்றாக இருக்காது என்பதைக் குலிக் உணர்ந்திருந்தார். மெண்டலின் மரபு விதிகள் உலகுக்குத் தெரியவந்தது 1900-இல்தான். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில், அவர் இந்த முடிவுக்கு வந்தார் என்பது வியப்பல்லவா?

1930-களில் அமெரிக்க மரபியலார் சூவால் ரைட், தற்செயலாக மரபுப் பண்புகள் விலகிச் செல்வதைக் கணித முறையில் விளக்கினார். இன்று அதை 'மரபணு நகர்வு' என்கிறோம். அந்த எண்ணத்தின் முன்னோடிகளுள் ஒருவராக ரைட் குலிக்கைக் குறிப்பிட்டார்.

அப்படியானால் வாலஸ் தோற்றாரா? அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூற வேண்டாம். இங்கிலாந்தில் புல்வெளியிலும் காட்டிலும் வாழும் வேறொரு நத்தையின் ஓட்டுக் கோடுகளும் தற்செயலானவை என்றே பலர் கருதி வந்தனர். 1950-இல் கெய்ன், ஷெப்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள், சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகாத நிறமுடைய நத்தைகளைப் பறவைகள் மிகுதியாகப் பிடித்துத் தின்பதைக் காட்டினர். அங்கே கண்ணுக்குத் தெரியாதிருந்த தேர்வு உண்மையாகவே இருந்தது. ஆக, இயற்கைத் தேர்வும் உண்மை, தற்செயலும் உண்மை. எந்த இடத்தில் எது எவ்வளவு என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். வாதத்தால் மட்டும் முடிவு கட்ட முடியாது.

மருந்தே நோயானது

குலிக் 1905-இல் ஹவாய்க்கே திரும்பினார். 1923 ஏப்ரலில் ஹொனலூலுவில், 91-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய நத்தைகளோ அவர் காலத்திலேயே குறையத் தொடங்கியிருந்தன. காடுகள் வெட்டப்பட்டன, கால்நடைகள் மேய்ந்து அழித்தன, கப்பல்களில் வந்த எலிகள் நத்தைகளைத் தின்றன. ஓடு சேர்ப்பவர்களும் மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். குலிக்கும் அவர்களுள் ஒருவர்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆண்டுக்குச் சில குட்டிகளே போடும் உயிர் அத்தனை இழப்பைத் தாங்குமா?

இனி, தொடக்கத்தில் சொன்ன தோட்டத்து நத்தைக்கு வருவோம். ஆப்பிரிக்கப் பெருநத்தை 1847-இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கொண்டு வந்த வில்லியம் பென்சனும் நத்தைகளை ஆராய்ந்தவரே! அங்கிருந்து அது பல நாடுகளில் பரவியது. 1936-இல் ஹவாயையும் எட்டியது. பயிர்களை அது அழிப்பதைக் கண்ட அரசு, அதைத் தின்பதற்கென்று 1955-இல் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து வேறொரு நத்தையைக் கொண்டுவந்து விட்டது. 'ஓநாய் நத்தை' என்று அழைக்கப்படும் அது மற்ற நத்தைகளை வேட்டையாடுவது. ஆனால் அது ஆப்பிரிக்க நத்தையோடு நிற்கவில்லை. மரமேறி, யாருக்கும் தீங்கு செய்யாத அக்காட்டினெல்லாக்களைத் தின்னத் தொடங்கியது.

1981-இல் அமெரிக்க அரசு அக்காட்டினெல்லா பேரினம் முழுவதையும் அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்தது. 41 சிற்றினங்களில் பத்து அளவே இன்று எஞ்சியுள்ளன. எஞ்சியவற்றைக் காக்க மலையில் சிறு வேலிகள் அமைத்திருக்கிறார்கள். ஓநாய் நத்தை ஏறினால் அதிர்ச்சி தரும் மின்கம்பிகளும் அவற்றில் உண்டு. ஆய்வுக்கூடங்களிலும் வளர்க்கிறார்கள். அப்படி ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் வளர்க்கப்பட்ட ஒரு நத்தைக்கு 'ஜார்ஜ்' என்று பெயர். கப்பல் தலைவர் டிக்சன் மாலையில் கண்டெடுத்த அந்த 'மஞ்சள் நுனி' இனத்தின் கடைசி நத்தை அது. துணை தேடியும் கிடைக்காமல், ஏறத்தாழ 14 ஆண்டுகள் வாழ்ந்து, 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் இறந்தது. ஹவாயிலிருந்து முதலில் அறிவியலுக்கு அறிமுகமான நில நத்தை இனம் அன்றோடு முடிந்தது.

குலிக் வரைபடத்தில் குறித்த பல பள்ளத்தாக்குகளில் இன்று அந்த நத்தை இல்லை. ஓடுகள் பல அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளில் உள்ளன. அவற்றோடு உள்ள இடக்குறிப்புதான், எந்த உயிர் எங்கே வாழ்ந்தது என்பதற்கு எஞ்சிய சாட்சி. ஓடு மட்டும் இருந்து குறிப்பு இல்லாதிருந்தால் அது வெறும் அழகுப் பொருள். குறிப்பு இருந்ததால்தான் அது அறிவாயிற்று.

மாணவ நண்பர்களே, ஓர் இலையையோ வண்ணத்துப்பூச்சியையோ கூழாங்கல்லையோ கண்டு வியந்து குறிப்பேட்டில் எழுதும்போது இதை எண்ணிக்கொள்ளுங்கள். பெயர் தெரியவில்லையா? பரவாயில்லை, பின்னால் யாராவது சொல்வார்கள். எங்கே கண்டோம், எந்த நாளில் கண்டோம் என்பதை மட்டும் அன்றே எழுதிவிடுங்கள். அதைப் பின்னால் எவராலும் சொல்ல முடியாது.